அவள் பெயரில் ஏறிய அமைப்பு

பல் டாக்டரின் கார் ஈரச் சாலையில் சுழன்று தடுப்புச் சுவரில் மோதியதற்கு அவள்தான் காரணம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். அது அவளுக்கு டாக்டர் வாயிலிருந்தே தெரிந்தது. அவர் மனைவிக்கு வலது கை முறிந்திருந்தது.

"கேஸெல்லாம் போடப் போறதில்லம்மா. ஆனா இனிமே இந்த வேலையத் தொடாதீங்க" என்று போனில் தணிந்த குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒன்பது வருஷமாக அண்ணனின் பட்டறையில் லேப்டாப் வேலை முழுக்க அவளுடையது. நாலு சக்கரமும் இழுக்கும் வேகக் கார்களில், எந்தச் சக்கரத்துக்கு எப்போது எவ்வளவு விசை போக வேண்டும் என்று அளந்து அமைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அண்ணனுக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியும், ஆளை மயக்கப் பேசவும் தெரியும். பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது.

முன்பக்கம் நசுங்கிய கார் பட்டறையில் நின்றது. கேபிளைச் சொருகி, மாற்றங்களின் பதிவைத் திறந்தாள். கடைசி மாற்றம் வியாழன் மதியம் மூன்று இருபது. பக்கத்தில் அவள் பெயர். அந்த நேரம் அவள் மகளின் வகுப்பு டீச்சர் முன்னால் அல்லவா உட்கார்ந்திருந்தாள்? அப்புறம்தான் உறைத்தது. மென்பொருளுக்கு ஒரே ஒரு உரிமம். யார் உட்கார்ந்து நோண்டினாலும் அவள் பெயர்தான் விழும்.

இன்னும் கீழே போய்ப் பார்த்தாள். ஏற்றியிருந்த கோப்பில் வேறொரு காரின் சேசிஸ் எண். எண் பொருந்தவில்லை, தொடரலாமா என்று மென்பொருள் கேட்டிருக்கிறது. தொடரலாம் என்று அமுக்கியிருக்கிறான் யாரோ ஒரு மகராசன். அந்த எண் அவளுக்கு மனப்பாடம். அது அண்ணனின் சொந்தக் கார். அந்தக் காருக்குப் பின்பக்க டயர்கள் பெரியவை. டாக்டர் காருக்கு நாலும் ஒரே அளவு. தப்பான அளவை நம்பிய கார், சக்கரம் வழுக்குகிறது என்று தானாக முடிவு கட்டி, ஈரத் திருப்பத்தில் விசையை வேண்டாத சக்கரத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறது. ஒவ்வொரு காருக்கும் தனியாகச் செய்ய வேண்டிய வேலையைப் பரீட்சையில் காப்பியடிப்பதுபோல் அடித்துத் தள்ளியிருக்கிறான்.

அண்ணனைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். முதலில் மழுப்பினான். டாக்டர் அவசரப்படுத்தினார் என்றான், அவள் கடையில் இல்லை என்றான். கடைசியில் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"நான்னு சொன்னா கடைய இழுத்து மூட வேண்டியதுதான். நீன்னா, பொம்பளப் பிள்ள, தெரியாம பண்ணிட்டான்னு விட்டுருவாங்க. விட்டுட்டாங்கள்ல?"

பழியைத் தூக்கிப் போட்டதைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பாள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போட்டிருக்கிறானே, அதுதான் தாங்கவில்லை. ஒன்பது வருஷ வேலைக்கு அவன் மனசில் இருந்த மதிப்பு இவ்வளவுதான். குடும்பத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அவன் ஏதோ ஆரம்பித்தான். அவள் காதில் வாங்காமல் போனை எடுத்தாள்.

"டாக்டர், நான் மன்னிப்புக் கேக்கக் கூப்பிடல. உங்க வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு இப்பவே கடைக்கு வாங்க. உங்க கார்ல ஏத்தின ஃபைல்ல யார் கார் நம்பர் இருக்குன்னு எங்க அண்ணனே வாசிச்சுக் காட்டுவாரு."