காற்றுக்கு ஒரு கியர்

எண்பத்து நாலாம் வருஷம் காரைக்கால் தருமபுரத்தில் மரியசூசையைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. காரைக்காலில் மேடு என்று சொல்ல வாய்க்கால் மதகுகளை விட்டால் வேறு கிடையாது. அந்த ஊரில் ஒருவன் தன் பெண்டாட்டி சைக்கிளுக்குக் கியர் வைக்கிறேன் என்று கிளம்பினால் சனம் சும்மா இருக்குமா? தண்ணீர்த் தொட்டி மோட்டார் அறையில் ஃபிட்டராக இருந்தவன், வேலை முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

மேடு இல்லைதான். காற்று இருக்கிறதே! அவன் மனைவி ஆரோக்கியசெல்வி குரும்பகரத்துப் பக்கம் பிரசவம் பார்க்கிற நர்ஸ். ஆடி மாதம் காலையில் மேற்கே கிளம்பினால் கச்சான் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். பிற்பகலில் திரும்பினால் கடல்காற்று எதிரே வந்து நிற்கும். போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று. அவள் முழங்காலுக்கு அது முடியவில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் பெயர் எழுதும் வேலை காலியாக இருந்தது. வேண்டுமா வேண்டாமா என்று வருகிற திங்கட்கிழமைக்குள் அவள் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்த வீட்டிலிருந்து செல்வி திரும்பி வரும் சாயங்காலங்களில்தான் அந்த வீட்டில் பேச்சும் சிரிப்பும். அது நின்றுபோகுமே என்று மரியசூசைக்குப் பயமாகவே இருந்தது.

கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த சேக் அலாவுதீன், பம்பாயிலிருந்து வந்த புதுக் கியர் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"பளபளன்னு இருக்கு பாருங்க சூசை. இத வுட்டுட்டுப் பழைய இரும்பக் கட்டிக்கிட்டு அழுவுறீங்களே."

"இதுல ஒயரு உறைக்குள்ள ஓடுது பாய். நம்ம உப்புக்காத்துல உள்ளுக்குள்ள துருப்புடிச்சா எனக்கு எப்புடித் தெரியும்?"

சொன்ன காரணம் பொய்யில்லை. ஆனால் அசல் காரணம், பழையதின் மேல் அவனுக்கு ஆசை விழுந்துவிட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தா சந்தனசாமியின் கொல்லையில், ஒரு பிரெஞ்சு சைக்கிளில் அந்தப் பழைய கியரைப் பார்த்திருந்தான். பின்சக்கரத்தில் சின்னதும் பெரிதுமாக மூன்று பல்சக்கரங்கள். செயினை இரண்டு பக்கமும் அணைத்தபடி ஒரு கவை. சீட்டுக்குக் கீழே ஒரு லீவர். லீவரைத் திருப்பினால் கம்பி கவையைத் தள்ளும், கவை செயினைத் தள்ளும், செயின் பக்கத்துச் சக்கரத்தில் ஏறி உட்காரும். தொய்கிற செயினை ஸ்பிரிங் வைத்த குட்டிச் சக்கரம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் கண்ணெதிரே, ஒளிவுமறைவே இல்லை. இவ்வளவு நேர்மையான சாமானை எந்த மடையன் வேண்டாம் என்று விட்டான் என்று அவனுக்குக் கோபம்கூட வந்தது. சந்தனசாமி "எடுத்துட்டுப் போப்பா" என்றதுதான் தாமதம், சக்கரத்தோடு கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான்.

உடைந்த கவையைப் புதிதாக அடித்தான். ஸ்பிரிங்கை மாற்றினான். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தெருவில் ஓட்டிப் பார்த்தான். செயின் தாவும் அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே இன்னொரு சுற்றும் போனான்.

சனிக்கிழமை காலையில் செல்வி ஏறினாள். தெருமுனையைத் தாண்டவில்லை, இறங்கி உருட்டிக்கொண்டு வந்தாள்.

"என்னங்க, லீவரு எங்க?"

"சீட்டுக்குக் கீழதான். கைய வுட்டுத் தேடு."

"தேடினா கொசுவமுல்ல கையோட வருது! நடுரோட்டுல சேலைக்குள்ள கைய வுட்டுத் துழாவிக்கிட்டுப் போனா, எவ என்னையப் பிரசவத்துக்குக் கூப்புடுவா?"

மரியசூசை சீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தான். கைலி கட்டியவன் கைலிக்குத் தகுந்த மாதிரி செய்து வைத்திருந்தான். கல்யாணம் ஆன நாளாய்ப் பார்க்கிற சேலை அவன் நினைப்புக்கே வரவில்லை.

செல்விக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே பிரேக்கைத் தொட்டுக் காட்டினாள். "இந்தப் பிரேக்குக் கம்பி மேலேந்து சக்கரம் வரைக்கும் போவுதுல்ல? அதே மாரி லீவரையும் ஹேண்டில்பாருக்குக் கொண்டாங்களேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. அந்த அமைப்பில் கைவைப்பதா என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்தான். காபி குடித்து முடிப்பதற்குள் முறைப்பு போய், அலாவுதீன் கடையில் பழைய பிரேக் கம்பி பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"புதுசும் ஆகாது, பழசும் ஆகாதா ஒங்களுக்கு?" என்றார் பாய்.

"வீட்டுல உத்தரவு பாய்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வேலையில் உட்கார்ந்தவன், லீவர் ஹேண்டில்பாருக்கு வந்து சேர்ந்த பிறகுதான் சாப்பிட எழுந்தான்.

"முடியலன்னா டவுனுக்குப் போயி அந்த வேலைய ஒத்துக்கிட்டு வந்துடுவேன், ஆமா" என்று சொல்லிவிட்டுத்தான் திங்கட்கிழமை செல்வி கிளம்பினாள். அன்றைக்கென்று கச்சான் பேயாய் அடித்தது. மோட்டார் அறை வாசலில் நின்று தென்னை மட்டைகள் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான் மரியசூசை. ஒரு வேலையும் ஓடவில்லை.

சாயங்காலம் அவள் வந்து ஸ்டாண்டு போடுவதற்குள் வாசலுக்கு ஓடினான்.

"காலு எப்புடி இருக்கு?"

"வலிக்குது. வலிச்சா வலிக்கட்டும். என்னங்க, மாரிக்கண்ணுக்குப் பொம்பளப்புள்ள! அது கத்துன கத்துல கொல்லையில நின்ன மாடு கயித்த அத்துக்கிட்டு ஓடிடுச்சு. மாமியா புள்ளயப் பாக்குறதா மாட்டப் புடிக்கிறதான்னு தவிக்கிது" என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே முகம் கழுவினாள். "அப்புறம், டவுனு வரைக்கும் போயி, அந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

மரியசூசைக்குச் சந்தோஷம்தான். இருந்தாலும் கியரைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தான். அவள் உலை வைத்தாள், அரிசி களைந்தாள், குழந்தையின் மூக்கைப் பற்றிச் சொன்னாள். கியர் என்ற பேச்சே இல்லை. அவளுக்கு அதன் நினைப்பே வரவில்லை என்பது மெல்லத்தான் அவனுக்கு உறைத்தது. நினைப்பு வராத அளவுக்கு அது ஓடியிருக்கிறது.

அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு, "மாடு எந்தப் பக்கம் ஓடிச்சு?" என்று கேட்டான்.