மரத்துக்காகப் பதில் சொல்பவள்

"எந்தப் பக்கம்க்கா வெட்டணும்?" என்று கோடரியைக் கை மாற்றிக்கொண்டே கேட்டான் ரியோஜி. ஒசாகாவில் காப்பீட்டு அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்க்கிறவனுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. வெட்ட வேண்டாம், பட்டையைக் கீறினால் போதும் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, தொமோயே மரத்துக்குப் பின்னால் போய் நின்றாள்.

வருடா வருடம் ஜனவரி பதினைந்தாம் தேதி காலையில் அப்பா இந்தப் பெர்சிமன் பழ மரத்தை மிரட்டுவார். காய்ப்பாயா மாட்டாயா, மாட்டேன் என்றால் வெட்டிவிடுவேன் என்பார். மரத்துக்கு ஏது வாய்? அதன் சார்பில் ஒருவர் மறைவில் நின்று, காய்க்கிறேன், காய்க்கிறேன் என்று கெஞ்ச வேண்டும். அப்புறம் கீறலில் சிவப்புப் பயறுக் கஞ்சி தடவுவார்கள். அம்மா போன பிறகு இருபத்திரண்டு வருடமாகத் தொமோயேதான் மரத்துக்கு வாய்.

மரம் குட்டை ரகம். ஆளுயரத்துக்கு மேல் அதைப் போகவே விட்டதில்லை அப்பா. சக்கர நாற்காலிக்கு வந்தபின், உட்கார்ந்தபடி பறிக்கிற உயரத்துக்கு இறக்கச் சொன்னார். பிப்ரவரி தோறும் அவர் விரலை நீட்டுவார், அவள் வெட்டுவாள். நுனியில்தான் காய்க்கிற மொட்டு இருக்கும் என்று தெரிந்தேதான் வெட்டினாள்.

இன்று அவர் கண்ணாடிக் கதவருகே படுக்கையில் கிடந்தார். மூன்று நாளாக மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கதவைத் திறக்கச் சொல்லிக் கைகாட்டினார். குளிருமே என்று முனகியபடி ஹத்சு அத்தை திறந்துவிட்டாள். நேற்று மாலை, நாக்குக் குழற, தொமோயேயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டிருந்தார்: "வீட்டையும் மரத்தையும் விட்டுட்டுப் போயிட மாட்டியே? நாளைக்கு மரத்துக்காகச் சொல்லும்போது எனக்கும் சேத்துச் சொல்லிடு. அது போதும்."

அவளுடைய ஏப்ரன் பையில் ஒரு கடிதம் இருந்தது. தூரத்துப் பெப்பு ஊரில் வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றின் சமையலறையில் வேலை, தங்க ஓர் அறை. ஜன்னலிலிருந்து கடல் தெரியுமாம். அப்பா வசந்தம் வரை தாங்கமாட்டார் என்று டாக்டர் சொன்ன மறுநாளே விண்ணப்பம் எழுதிவிட்டாள். அந்த அவசரத்தை நினைத்தால் இப்போதும் கூசியது. ஆனால் ஐம்பத்து நாலு வயதில் இன்னொரு தடவை யார் கூப்பிடப்போகிறார்கள்?

ரியோஜி கோடரியை ஓங்கினான். "காய்ப்பியா, மாட்டியா? மாட்டேன்னா வெட்டிப்போடுவேன்."

தொமோயே வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. வருடத்துக்கு ஒருமுறை சொல்கிற அதே ஒற்றை வார்த்தை.

அவன் மறுபடி கேட்டான். கைப்பதற்றத்தில் கோடரி ஆழமாக இறங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "சொல்லேன்க்கா. அப்பா பாக்குறாரு," என்றான்.

"சொன்னாளா?" உள்ளேயிருந்து அப்பாவின் குரல். அவருக்குக் காது மந்தம்.

ரியோஜி அவளைப் பார்த்தான். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி உரக்க, "சொல்லிட்டாப்பா. ரெண்டு தடவை சொல்லிட்டா," என்றான்.

தொமோயே விறுவிறுவென்று கதவு வரைக்கும் போனாள். அப்பாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதியை அவள் பார்த்து எத்தனையோ வருடமாகியிருந்தது. அங்கேயே நின்றுவிட்டாள்.

பத்து மணிக்குள் அப்பாவின் மூச்சு அடங்கிவிட்டது. அத்தை கடைசித் தண்ணீராக ஈரப் பஞ்சால் அவர் உதட்டை நனைத்தாள். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். அப்பா காதில் கடைசியாக விழுந்தது அக்காவின் வாக்குத்தான் என்று, வந்தவர்களிடமெல்லாம் ரியோஜி கண்ணைத் துடைத்தபடி சொல்லிக்கொண்டிருந்தான். மத்தியானத்துக்குள் அவனே அதை நம்பியிருப்பான். எதிர்வீட்டு அம்மாள் தொமோயேயின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு மகள் யாருக்குக் கிடைப்பாள் என்று அழுதாள்.

அடுக்களையில் தம்பி தனியாக அகப்பட்டான்.

"ஏண்டா அப்படிச் சொன்னே?"

"சாகப்போற மனுஷன்கிட்ட வேற என்னக்கா சொல்றது?" கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டான். "அதோட, நீ எங்கே போகப்போறே?"

அவன் குத்தலாகக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அடுப்பில் ஆறிக் கிடந்த கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

வெட்டு பட்டையைத் தாண்டி உள்ளே வெள்ளைக் கட்டை வரை போயிருந்தது. அப்பா கீறுகிற வருடங்களில் ஒரு கரண்டி போதும். ஒரு கரண்டி வைத்து விரலால் அழுத்தினாள். இன்னொன்று வைத்தாள். மூன்றாவதற்கும் வெட்டு நிறையவில்லை.