இரண்டாவது பைக்கின் இடம்

பிற்பகல் ஒன்றே முக்காலுக்கு அமரர் ஊர்தி தெருமுனையில் திரும்பியது. ஞானசௌந்தரி பெட்டியின் பக்கத்திலிருந்து எழுந்தாள். சுற்றி இருந்த பெண்கள் அவளைப் பார்த்தார்கள். ஜெபமாலை நிற்கவில்லை.

பெட்டிக்குள் அவள் கணவர் கபிரியேல் வெள்ளை வேட்டியில் கிடந்தார். விரல்களுக்கிடையில் யாரோ சிலுவையை வைத்திருந்தார்கள். சரக்கைக் கட்டும் பெல்ட்டை இழுத்து இழுத்து உள்ளங்கையில் விழுந்த காய்ப்பு அப்படியே இருந்தது.

அவள் வெளியே போய் ஊர்தியின் பின்கதவைத் திறக்கச் சொன்னாள். தகரத் தரை. நடுவில் பெட்டி வைக்கும் இரும்பு மேடை. ஒற்றைக் கையால் மேடையைத் தள்ளிப் பார்த்தாள். உருளைகள் மேல் அது முன்னும் பின்னும் ஓடியது.

“பெட்டியக் கட்டதுக்கு எங்கன கொக்கி இருக்கு?”

டிரைவருக்குப் புரியவில்லை. பிறகு, இதுவரை யாரும் கேட்டதில்லை என்றான். வீட்டு ஆட்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பிடித்துக்கொள்வார்கள் என்றான்.

நேற்று அவள் அப்படித்தான் அவர் உடலோடு வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் பக்கம்தான். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஸ்ட்ரெச்சர் நகர்ந்து அவர் தலை பக்கச் சுவரில் இடித்தது. முதல் இடிக்குப் பிறகு தலைக்கும் சுவருக்கும் நடுவில் தன் கையை வைத்துக்கொண்டாள். இன்று அந்தக் கையின் விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. அது பாளையங்கோட்டைக்குள். இனி திருச்செந்தூரைத் தாண்டி ஆலந்தலை வரை போக வேண்டும். கபிரியேலின் சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டம் அங்கே, கடலை ஒட்டி இருந்தது.

“இவரு இதுல வர மாட்டாரு” என்றாள்.

கபிரியேலின் தம்பி ஜோன்ஸ் காலையில் ஆலந்தலையிலிருந்து வந்திருந்தார். துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்து அவள் தோளைத் தொட்டார்.

“மதினி, பைய வாங்க. உள்ள வந்து உக்காருங்க.”

அவள் வேப்பமரத்தடியில் நின்ற வேனைக் காட்டினாள்.

கபிரியேல் பைக்குகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். மூடிய வேன். உள்ளே இரண்டு பைக் நிற்கும். இடது பக்கத்தில் ஒரு பைக் நேற்றே ஏறிவிட்டது. அதைக் கட்டி முடித்து இறங்கிப் பின்கதவின் ஒரு பாதியைச் சாத்தியவர், நெஞ்சு அடைக்கிறது என்று படியில் உட்கார்ந்தார். வலது பக்கம் இன்று காலை ஏறவேண்டிய பைக்குக்கானது. அது காலியாகக் கிடந்தது.

“அண்ணன லோடு வேன்லயா ஏத்தச் சொல்லுதீங்க?” என்றார் ஜோன்ஸ். “கோயில் வாசல்ல சரக்கு மாதிரி வந்து எறங்குனான்னு ஊர்ல காலத்துக்கும் பேசுவாங்க.”

“பேசட்டும்.”

ஜோன்ஸ், அப்படியானால் உள்ளே நிற்கும் பைக்கையாவது இறக்கியாக வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வேனுக்குள் ஏறினார்.

“அதத் தொடாதீங்க. அவரு கட்டுனது.”

பைக்கின் சொந்தக்காரர் பூதலிங்கம் காலையிலிருந்து வாசல் ஓரமாக நின்றிருந்தார். மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து குடும்பத்தோடு இறங்கியவர். இப்போது கங்கைகொண்டானில் ஒரு கம்பெனிக்குக் காவல். திருச்செந்தூரில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கும் மகளுக்காக பைக்கை அனுப்புகிறார். சாவு வீட்டில் பைக்கைப் பற்றி எப்படிக் கேட்பது என்று பேசாமல் நின்றவர், இப்போது முன்னால் வந்தார். தன்னால் சங்கடம் வேண்டாம், தானே இறக்கி உருட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னார். ஞானசௌந்தரி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

பூதலிங்கம் ஜோன்ஸிடம் திரும்பினார்.

“நாங்க எஸ்டேட்ட விட்டு எறங்கயில எங்க லைன் வீட்டு வண்டி எல்லாத்தையும் இவருதான் கொண்டாந்தாரு, அண்ணாச்சி. அந்த மலை ரோடு ஒங்களுக்குத் தெரியாது. கீழ வந்து என் வண்டியில ஏறி உக்காந்தேன். கண்ணாடியத் திருப்ப வேண்டிய வேலையே இல்ல. மேல நான் எப்படி வச்சேனோ அப்படியே இருந்துச்சு.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: “பக்கத்துல எம் வண்டி நிக்கதுனால அவருக்கு ஒண்ணும் கொறஞ்சிராது.”

ஜோன்ஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டி தூக்கப் போனார்.

டயருக்கு அடியில் விரிக்கும் ரப்பர் பாயை ஞானசௌந்தரி வலது பக்கம் விரித்தாள். பெட்டியை அதன்மேல் வைத்தார்கள். கால்மாட்டில் மரக்கட்டையை அண்டக் கொடுத்தாள். பெல்ட் உராயும் இடங்களில் பழைய வேட்டித் துணியை மடித்து வைத்தாள்.

“இது எதுக்கு மதினி?” என்றார் ஜோன்ஸ்.

“வார்னிஷ் உரிஞ்சிரும்.”

கீழே நின்ற ஜோன்ஸின் மனைவி, சாயங்காலம் மண்ணுக்குள் போகிற பெட்டிக்கு, என்று ஆரம்பித்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மகன் அலெக்ஸ் மறுபக்கம் பெல்ட்டைப் பிடித்தான். ஓசூரிலிருந்து காலையில்தான் வந்திருந்தான். எந்த அளவுக்கு இழுக்க வேண்டும் என்று கேட்டான். அவள் சொல்லச் சொல்ல இழுத்தான்.

பைக்கைக் கட்ட இரண்டு பேர் வேண்டும். ஹேண்டிலின் இரண்டு பக்கத்தையும் சேர்ந்தாற்போல் கீழே இழுக்க வேண்டும். ஒரு கை முந்தினால் பைக் அந்தப் பக்கம் சாயும். முன் ஸ்பிரிங் பாதி அமுங்க வேண்டும். குறைந்தால் குழியில் துள்ளும். கூடினால் சீல் உடைந்து எண்ணெய் கசியும். உதவிக்கு வருகிற ஆள் வராத ஒரு நாள் கபிரியேல் அவளைக் கூப்பிட்டார். அதன்பிறகு வேறு ஆளைத் தேடவில்லை. வலது பக்கம் அவர், இடது பக்கம் அவள். நடுவில் பைக் மறைக்கும். குனிந்து இழுத்துக்கொண்டே அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார்: “போதுமா, இன்னும் இழுக்கட்டுமா?”

அவள் ஸ்பிரிங்கைப் பார்த்துச் சொல்வாள். அவள் போதும் என்றபிறகு அவர் பெல்ட்டின் பல்சக்கரத்தை ஒரு பல் கூட இறுக்கியதில்லை. பெண்டாட்டியைக் கேட்டு பெல்ட் இழுக்கிறவர் என்று லாரி ஆபீஸில் கேலி செய்வார்கள்.

“அவ கண்ணு ரசமட்டம்லா” என்பார்.

மூன்று மணிக்கு முன் புறப்பட்டார்கள். அலெக்ஸ் ஓட்டினான். ஞானசௌந்தரி எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். காலியான அமரர் ஊர்தியில் ஜோன்ஸும் பெண்களும் ஏறிக்கொண்டு பின்னால் வந்தார்கள். வேகத்தடை வரும்போதெல்லாம் அவள் பின்பக்கம் காதுகொடுத்தாள். ஒரு சத்தமும் இல்லை.

செய்துங்கநல்லூர் தாண்டியதும் “நிறுத்து” என்றாள்.

“எதுக்கும்மா? ஐஞ்சு மணிக்குப் பூசை.”

“அப்பா இங்கன நிறுத்துவாரு.”

எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் கொஞ்ச தூரம் ஓடியபிறகு சரக்கு அமரும், பெல்ட் தளரும். அதனால் கிழக்கே போகிற ஒவ்வொரு பயணத்திலும் இந்தப் புளியமரத்தடியில் நிறுத்தி இறங்குவார். எல்லாக் கட்டுகளையும் தொட்டுப் பார்க்காமல் கிளம்பமாட்டார். பைக்கின் சொந்தக்காரர் கூடவே இருந்து அவசரப்படுத்தினாலும் சரி. அவளும் மறுபக்கம் ஏறுவாள்.

அலெக்ஸ் ஓரம் கட்டினான். பின்னால் ஊர்தியும் நின்றது. ஜோன்ஸ் ஜன்னலில் தலையை நீட்டி என்ன என்று கேட்டார். பிறகு இறங்கி வந்தார். வயல் பக்கமிருந்து காற்று அடித்தது.

அவள் கதவைத் திறந்து ஏறினாள். முதலில் பைக்கின் பெல்ட்டைத் தொட்டாள். விரலால் சுண்டினாள். கம்பி போல் அதிர்ந்தது. அடுத்ததையும் சுண்டினாள். நேற்று அவர் விட்ட இடத்திலிருந்து எதுவும் அசைந்திருக்கவில்லை. கண்ணாடிகள் இரண்டும் பூதலிங்கத்தின் உயரத்துக்குத் திரும்பியபடியே இருந்தன.

பிறகு பெட்டியின் பெல்ட்டுக்கு அடியில் விரலைக் கொடுத்தாள். விரல் உள்ளே போனது.

“தளந்துட்டு” என்றாள்.

ஜோன்ஸ் கீழே நின்று பைக்கையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறப்போனார். இரண்டு பேர் போதும் என்று அவள் கைகாட்டினாள். அலெக்ஸை இடது பக்கம் போகச் சொன்னாள். அவள் வலது பக்கம் போய், பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் குந்தினாள். அந்தப் பக்கம் அவள் நின்றதே இல்லை. சுவரில், உட்கார்ந்தால் தோள் படுகிற உயரத்தில், பெயிண்ட் தேய்ந்து தகரம் தெரிந்தது. அதில் சாய்ந்துகொண்டாள்.

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். துணிமடிப்பு பெட்டியோடு ஒட்டி அமுங்கியது. அவள் கை நின்றது. பெல்ட்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அலெக்ஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் குனிந்தே இருந்தாள். நெற்றி பெட்டியின் மரத்தில் பட்டபடி கேட்டாள்:

“போதுமா, இன்னும் இழுக்கட்டுமா?”