கறுப்பைக் கொஞ்சம் குறைத்தால்

…இல்லை, இது அந்தப் பிள்ளை இல்லை, வேறு யாரோ பெற்ற பிள்ளை, என்று வேல்விழிக்குப் பட்டது, சரிபார்க்கக் கையில் எடுத்த அச்சு ஷீட்டை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தாள், வெளிச்சத்தின் குற்றமோ என்று, அதன்மேல் பழியைப் போட வழியில்லை, சிவகாசியில் மாசி வெயில் காலையிலேயே சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மேசையில் ஒட்டியிருந்த மாதிரி ஷீட்டில், வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் கையெழுத்துப் போட்டு, அச்சு அசலாக இப்படித்தான் வரவேண்டும் என்று அனுப்பியிருந்த ஷீட்டில், அந்தச் சிறுமி கருப்பட்டி நிறத்தில் இருக்கிறாள், மெஷினிலிருந்து இப்போது வந்ததிலோ கோதுமை நிறத்துக்கு ஏறியிருக்கிறாள். அப்பன் கறுப்பு, அம்மா வெள்ளைக்காரி, பிள்ளை இரண்டும் கலந்தது, குழந்தைகள் படப்புத்தகம், கதையே அதுதான், பிளஸ் டூ இங்கிலீஷை வைத்து எழுத்துக்கூட்டி வேல்விழி முழுக்க வாசித்துவிட்டாள், ஒவ்வொரு பக்கத்திலும் அந்தப் பிள்ளை நான் யார் நிறம், நான் யார் நிறம் என்று கேட்டுக்கொண்டே போகிறது, கடைசிப் பக்கத்தில் வெள்ளைக்காரப் பாட்டி அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நீ எங்கள் பிள்ளை என்கிறாள், கதை முடிந்துவிடுகிறது. எவ்வளவு லேசாக முடிக்கிறான்கள், படுபாவிகள், ஒரு மடி, ஒரு சிரிப்பு, பக்கத்தில் ஒரு பூனை வேறு… அந்தப் பாட்டி வீட்டு வாசல்வரை அந்தக் கறுப்பு அப்பன் எப்படிப் போய்ச் சேர்ந்தான், முதல் நாள் கதவைத் திறந்தது யார், அதற்கெல்லாம் ஒரு பக்கம்கூடக் கிடையாது. படம் போட்டவளுக்கு மாமியார் இருந்திருக்க மாட்டாள் என்று நினைத்தாள்.

வேல்விழிக்கு இருக்கிறாள். வெள்ளைத்தாய் என்று பெயர், சாத்தூருக்கு அந்தப் பக்கம் ஊரும் தோட்டமும் உண்டு, அந்தத் தோட்டத்தில்தான் வேல்விழியின் அப்பா சுடலை காலமெல்லாம் மண்வெட்டி பிடித்தார், வரப்பில் குந்தி தனிக் குவளையில் காப்பி குடித்தார், அந்த வீட்டுப் பையன் தங்கப்பாண்டியன் காலனி வீட்டுப் பெண்ணைக் கட்டுவான் என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் சொன்னவனைத்தான் அடித்திருப்பார். கட்டினான். இரண்டு பேரும் சூலக்கரை போலீஸ் ஆபீசுக்கு ஓடிப் பாதுகாப்பு கேட்டு மனுக் கொடுத்து, சிவகாசியில் வீடு பிடித்து, நீங்க எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று கேட்ட வீட்டுக்காரர்களுக்கெல்லாம் கிழக்குப் பக்கம் என்று சொல்லிச் சமாளித்து… மகள் மாரிசெல்விக்கு இப்போது ஐந்து வயது. ஐந்து வருசமாக ஒரு வார்த்தை விசாரிக்காத மாமியாருக்கு, போன வாரம் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது, தானே பேச வாய் வரவில்லை, மகள் அருணாதேவியை விட்டு போன் பண்ணச் சொன்னாள், சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் எல்லாரும் கூடுகிறோம், பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்திவிடலாம், அண்ணன் பிள்ளையை மட்டும் கூட்டிட்டு வரட்டும். பிள்ளையை மட்டும்! காது மட்டும் வேண்டும், பெற்றவள் வேண்டாம், கறிக்கடையில் எலும்பைத் தள்ளிவிட்டு நல்ல துண்டாகப் போடச் சொல்வார்களே அந்த மாதிரி. கேட்டுவிட்டு போனைக் கீழே போடாமல் நின்ற புருசனை நினைத்தால் இப்போதும் வயிறு எரிந்தது.

"அண்ணாச்சி," என்று கூப்பிட்டாள். மெஷின் இரைச்சலில் அதை ஓட்டுகிற நல்லசிவத்துக்குக் கேட்கவில்லை, ஷீட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே போனாள். "மாதிரியில பிள்ளை கறுப்பா இருக்கு. இதுல வெளுத்துப்போயிருக்கே."

"கறுப்பு மை தூக்கலா விழுந்துச்சுத்தா, திருகக் கொஞ்சம் குறைச்சுவிட்டேன்," என்றார் அவர், பெருமையாகத்தான். "இப்பப் பாரு, பிள்ளை எம்புட்டு லட்சணமா இருக்கு."

"கதையே அந்த நிறத்தப் பத்தித்தான் அண்ணாச்சி."

"கதைய யாரு வாசிக்கா? மொகம் பளிச்சுன்னு இருந்தாத்தான் கையில எடுப்பான். எத்தன வருசமா லட்சுமியும் சரஸ்வதியும் அடிக்கேன், ஒரு காலண்டர் திரும்பி வந்திருக்கா?"

வந்ததில்லைதான். காலண்டர் சீசனில் அவர் கைபட்டு வராத சாமி கிடையாது, முகம் வருகிற இடத்தில் கறுப்பை இறக்குவார், சிவப்பைத் தொட்டும் தொடாமலும் வைப்பார், கேட்க வேண்டியதே இல்லை, கை தானாகப் போகும், காளியைக்கூட அவர் மெஷின் ரோஸ் பவுடர் போட்டுத்தான் வெளியே அனுப்பும். கெட்ட மனுசன் என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், தீபாவளிக்கு மாரிசெல்விக்குக் கம்பி மத்தாப்பு வாங்கிக் கொடுத்தவர், கொடுக்கும்போதே, அப்பன் கலர் வந்திருக்கலாம், உன் கலருல போயிருச்சேத்தா, பொம்பளப்பிள்ளையாச்சே, என்று வருத்தப்பட்டவரும் அவர்தான். அவருக்கு அது வருத்தம், அவளுக்கு அது நெஞ்சில் மிளகாய் அரைத்த மாதிரி, சிரித்துக்கொண்டு மத்தாப்பை வாங்கிக்கொண்டாள். ஏன் சிரித்தாள்? அன்றைக்கே மூஞ்சியில் விட்டெறிந்திருக்க வேண்டாமா?

திரும்பி வந்து மேசையில் நின்றாள், அடுத்த ஷீட், அதற்கடுத்த ஷீட், எல்லாவற்றிலும் பாட்டி மடியில் ஒரு கோதுமைப் பிள்ளை, நான் யார் நிறம் என்று அது இனிமேல் கேட்க வேண்டியதே இல்லை, அதுதான் தெரிகிறதே, கறுப்பு அப்பன் ஓரத்தில் கார் ஓட்ட வந்தவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். மடி… காலையிலும் இந்த மடியில்தான் பேச்சு முட்டி நின்றது. தங்கப்பாண்டியன் இட்லியைப் பிய்த்துக்கொண்டே, ஒருநாள்தானே வேலு, இன்னைக்குப் போய்ட்டு நாளைக்கு வந்திருவோம், அம்மா இறங்கி வரும்போது நாமளும் கொஞ்சம் இறங்க வேண்டாமா, என்றான். யாருங்க இறங்கி வந்தது, என்று கேட்க நினைத்து, வேறு ஒன்று கேட்டாள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தானே உட்காரணும், எங்கண்ணனை அந்தக் கோயில் பக்கம் விடுவாகளா? அவன் சட்னியைப் பார்த்தான். "அதெல்லாம் பார்த்தாச்சு. நம்ம உக்கிரபாண்டி அண்ணன் உட்காருதேன்னு சொல்லிட்டாரு." உக்கிரபாண்டி அவர்கள் சொந்தம், அவருக்கும் வேல்விழிக்கும் என்ன உறவு, அவள் அப்பாவை ஏலே சுடலை என்று கூப்பிடுகிற உறவு… யோசிச்சுச் சொல்றேன், என்றாள். மதியம் பிரஸ் கேட்டுக்கு வாரேன், அங்கேயிருந்து நேரே கிளம்பிருவோம், என்றான். அவள் பிள்ளையைக் குளிப்பாட்டி, பட்டுப்பாவாடை கட்டி, பவுடர் போட்டு, பொட்டு வைத்து, எப்போதும் செய்கிற வேலைகளைச் செய்துவிட்டு பஸ்ஸைப் பிடித்தாள்.

முனியராஜ் அண்ணனுக்கு யார் சொல்வது? அச்சங்குளத்தில் வெடிக் கம்பெனியில் வேலை, மாரிசெல்வி பிறந்த அன்றைக்கே வந்து நின்றான், அலுமினியப் பவுடர் கையில் ஊறிப்போய் வெள்ளி பூசின மாதிரி மினுங்கியது, சோப்புப் போட்டுத் தேய்த்தான், தேய்த்தான், போகவில்லை, துண்டை விரித்து அதன்மேல் பிள்ளையை வாங்கிக்கொண்டு, காதுகுத்துக்கு என் மடிதான், இப்பவே சொல்லிட்டேன், என்றான். பாவி மனுசன், அதற்கென்றே ஒரு வெள்ளைவேட்டி எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறான். அந்த மடி இருக்கும்போது இன்னொரு மடி எதற்கு? இன்னொருத்தர் தாய்மாமன் என்றால்… கையிலிருந்த ஷீட் அப்படியே நின்றது. இன்னொருத்தர் தாய்மாமன் என்றால், அவருக்கு ஒரு தங்கச்சி இருக்க வேண்டுமே. கோயிலில் கூடியிருக்கிற சனம் கேட்குமே, உக்கிரபாண்டி தங்கச்சியையா தங்கப்பாண்டியன் கட்டியிருந்தான், அவள் எங்கே என்று. அதற்கும் ஒரு பதில் தயார் பண்ணாமலா கூப்பிட்டிருப்பார்கள்.

நேரே மெஷினுக்குப் போனாள். "நிறுத்துங்க அண்ணாச்சி. இது செல்லாது. மாதிரியில இருக்கிற மாதிரி அடிங்க." நல்லசிவம் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பு போயிற்று. அடித்தது அத்தனையும் கழிவு, மேனேஜர் சட்டையைப் பிடிப்பார் என்றார், அவள் நகரவில்லை, கடைசியில் பட்டென்று பொத்தானை அமுக்கினார், இரைச்சல் அடங்கியதும் அவர் குரல் மட்டும் கட்டடம் முழுக்கக் கேட்டது. "ஒனக்கு என்னத்தா இம்புட்டு ரோசம்? ஒம்பிள்ளையா அது?" பைண்டிங் பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆமா அண்ணாச்சி, என் பிள்ளைதான், என்று சொல்ல வாயைத் திறந்தபோது மதியச் சங்கு ஊதிவிட்டது.

கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் தங்கப்பாண்டியன் பைக்கை அணைக்காமல் நின்றான், வெள்ளைச்சட்டை போட்டு, முன்னால் டாங்கியில் மாரிசெல்வியை உட்காரவைத்து. வேல்விழி வேகமாக நடந்தாள், பேச வேண்டியதெல்லாம் வரிசையாக நாக்கில் நின்றது, மெஷினையே நிறுத்திவிட்டு வந்திருக்கிறாள், இவர் எந்த மூலை… பிள்ளை அவளைப் பார்த்ததும் கையை நீட்டியது.

"அம்மா, அங்கன யாரு கேட்டாலும் அம்மா இல்லைன்னு சொல்லணுமாம்," என்றாள் மாரிசெல்வி. "எங்க இல்லைன்னு சொல்லணும்மா?"

வேல்விழி புருசனைப் பார்த்தாள். அவன் பைக் கண்ணாடியைத் துடைத்தான்.

"எங்கம்மா அப்படிச் சொல்லிவச்சிருக்கு, வேலு. பேறுகாலத்துல பெத்தவ போய்ட்டான்னு. ஊர் வாய அடைக்கத்தான். நான் என்ன செய்யட்டும்?"

"நான் உசுரோட நிக்கேனேங்க."

"சத்தம் போடாத, ரோட்டுல எல்லாரும் பாக்காக."

கையை நீட்டி வண்டிச்சாவியை உருவினாள், பைக் இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்தது. அவன் நேரமாகிறது என்று முணுமுணுத்தான், சாவிக்காகக் கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தான். இனி பிள்ளையை இறக்க வேண்டியதுதான், அவ்வளவுதான் பாக்கி. பக்கத்தில் போய் மகளின் முகத்தைப் பார்த்தாள், வெயிலில் வியர்த்து, நெற்றியிலிருந்து கன்னம்வரை பவுடர் கோடு கோடாக இறங்கியிருந்தது, வெள்ளைக்கு நடுவே அவளுடைய கருப்பட்டி நிறம் ஓடியது, இவ்வளவு பவுடரா, யார் இவ்வளவு அப்பியது, என்று முந்தானையை எடுத்தவள் அப்படியே நின்றாள். யாருமில்லை, அவள்தான். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பூச்சு, இன்றைக்கு இரண்டு பூச்சு, கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் தேய்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் போட்டு, பாட்டி பார்த்தால் முகம் சுளிக்கக்கூடாதே என்று… யோசிச்சுச் சொல்றேன் என்று வாய் சொன்னபோது கை என்ன செய்துகொண்டிருந்தது? அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை, காலையிலிருந்து ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, ஆனால் பிள்ளையை அனுப்பிவைத்தது அவள்தான்.

"அம்மா, எங்க இல்லைன்னு சொல்லணும்?" என்று மாரிசெல்வி மறுபடியும் கேட்டாள். உள்ளே நல்லசிவத்தின் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது, திருகைத் திருத்தினாரா, அப்படியே விட்டாரா, இங்கிருந்து தெரியவில்லை. சாவி வேல்விழியின் கையில் இருந்தது.