பூக்குமுன் வைத்த பெயர்

அலுவலகத்தில் அவளைப் பாசி மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அது பிடிக்காது. "பாசி பூக்காதுங்க. நான் பாக்கறது எல்லாம் பூக்கற செடி. தண்ணிக்குள்ள இருந்தா எல்லாம் பாசியா?" என்று சேர்ந்த புதிதில் சண்டை போட்டாள். யார் காதில் விழுந்தது? பட்டப்பெயர் அட்டை மாதிரி. பிய்க்கப் பார்த்தால் இன்னும் அழுத்தமாகக் கடிக்கும். அப்புறம் விட்டுவிட்டாள்.

அவள் வேலை பார்த்தது உலர்ந்த செடிகளின் காப்பகத்தில். வரிசையாக இரும்பு அலமாரிகள், பூச்சி உருண்டை நெடி, எப்போதும் இழுத்துவிட்ட திரைகள். நீர்ச்செடிகளின் பிரிவு கடைசி அறை. நீர்ச்செடியை மற்றச் செடி போல வெறுமனே காகிதத்தில் வைத்து அழுத்திவிட முடியாது. தண்ணீரை விட்டு எடுத்ததும் குளித்த தலைமுடி போல ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டுவிடும். அகலத் தட்டில் தண்ணீர் விட்டு, செடியை மிதக்கவிட்டு, அடியில் காகிதத்தை நுழைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு தூக்க வேண்டும். அவளுக்கு அது கைவந்த வேலை.

அந்த அறையில் திரை போடாத ஒரே ஜன்னலோரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் நாடா நாடாவாக ஒரு புல். அவளைப் பொறுத்தவரை அதுதான் அவள் தம்பி.

சரியாகச் சொன்னால், செத்தவனின் கைக்குள் இருந்த புல்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமானவன். போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள்தான் அவனை ஏவினாள். ஊருக்கு மேலே ஆறு இரண்டு கிளையாக வந்து, ஒன்றுசேர்ந்து, கீழே தடுப்பணைக்குப் போகும். "கிழக்குக் கிளைப் பாலத்துக்கிட்ட நாடாப்புல் பூத்திருக்கும்டா. ரெண்டு பிடுங்கிட்டு வா."

"உனக்குப் புல் பிடுங்கத்தான் அம்மா என்னைப் பெத்தாங்களா?"

"ஆமா. வேற எதுக்கு நீ லாயக்கு?"

சிரித்துக்கொண்டே போனான். ஸ்கூட்டர் பாலத்தில் நின்றது. ஆள் இல்லை. சில நாள் கழித்துத் தடுப்பணைக் கம்பியில் ஒரு உடல் சிக்கியது. முகம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது. பிரித்துப் பார்த்தால் சேறும் வேருமாக ஒரு கொத்துப் புல்.

"நீங்க செடி ஆராய்ச்சி பண்றவங்களாமே. இது எங்கே வளர்றதும்மா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

ஒரு பார்வைதான் பார்த்தாள். "கிழக்குக் கிளை. நான் கேட்ட புல்தான் சார்" என்றாள். அதோடு கதை முடிந்தது. தம்பி மனைவியும் தலையை ஆட்டினாள். எரித்தார்கள்.

அந்தக் கொத்தில் ஓர் இலையைக் காகிதத்தில் ஏற்றி, நாடாப்புல் என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்தாள். மீதியைத் தொட்டியில் நட்டாள். பிழைத்துக்கொண்டது. அவள் அதோடு பேச ஆரம்பித்தாள். காலையில் வந்ததும் "என்னடா" என்பாள். மத்தியானம் சாப்பிடும்போது வீட்டு விஷயம் சொல்வாள். "நான் அனுப்பியிருக்கக் கூடாதுடா" என்பது தினமும் உண்டு. வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்து வந்தது. இலைகளோ அவள் நாற்காலிப் பக்கம் சாய்ந்தன. நாற்காலியை அந்தப் பக்கம் போட்டுப் பார்த்தாள். சில நாளில் இலைகளும் அந்தப் பக்கம் வந்தன. துப்புரவு செய்பவர் தொட்டியின் காற்றுக் குழாயை நகர்த்தி வைத்து, தண்ணீரின் ஓட்டம் மாறியிருக்கலாம். அவள் போய் விசாரிக்கவில்லை. சில சமயம் நாடா ஒன்று கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும், உள்ளேயிருந்து விரலை வைத்த மாதிரி.

பிரிவுத் தலைவர் இதையெல்லாம் கவனித்தும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தாமரை சார் என்று பெயர். புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் பிடித்து உட்காரவைத்து ஒரே பாடம் நடத்துவார். "தாமரையும் அல்லியும் அக்கா தங்கைன்னு நினைச்சிட்டிருக்கே. கிடையவே கிடையாது. தாமரைக்கு நெருங்கின சொந்தம் சாலையோரத்துல நிக்கற ஒரு மரம். தண்ணில பொழைக்கணும்னா எல்லாரும் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கணும், அவ்வளவுதான். ஜாடையைப் பாத்துச் சொந்தம் சொல்றவன் இந்த வேலைக்கு வேண்டாம். பூவைக் காட்டு, அப்புறம் பேரைச் சொல்லு."

அவளும் இதைப் பத்துப் பேருக்காவது சொல்லிக் கொடுத்திருப்பாள். ஓடுகிற தண்ணீருக்குள் அகல இலை கிழிந்துபோகும். அதனால் எந்தக் குடும்பத்துச் செடியானாலும் அங்கே நாடாவாக நீளும். பூக்காத நீர்ச்செடிக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி.

தம்பி மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்க்கிற ஒருவரை மணக்கப்போவதாக வந்து சொன்னபோது பாசி மேடம் அழவில்லை. "நல்ல ஆளா?" என்று மட்டும் கேட்டாள். "குறட்டை விடுவாராம். அவரே சொன்னார்" என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். கல்யாண வேலைக்காகப் பாசி மேடம் லீவு போட்டு, கடை கடையாக அவளோடு அலைந்தாள்.

திரும்பி வந்து அறையைத் திறந்தபோது தொட்டியில் தண்ணீர் பாதிக்கு வற்றியிருந்தது. யாரும் ஊற்றவில்லை. புல் தலையை வெளியே நீட்டியிருந்தது. மேலே வந்த இலைகள் நாடாவாக இல்லை. காம்பு வைத்து, நுனியில் கரண்டி போல அகன்றிருந்தன. நடுவே தடித்த தண்டு ஒன்று. அதன் மேல் வெள்ளையாக மூன்று இதழ்.

அவள் கைப்பையைக் கீழே வைக்கவில்லை. அப்படியே நின்றாள்.

நாடாப்புல் இப்படிப் பூக்காது. அதன் பெண்பூ மயிரிழைக் காம்பில் தண்ணீர் மட்டத்துக்கு வந்து மிதக்கும். ஆண்பூக்கள் அடியிலேயே அறுந்து, தூசி மாதிரி மேலே வந்து, அலைந்து அலைந்து அதைத் தேடும். சேர்க்கை நடந்ததும் காம்பு சுருள் போலச் சுருண்டு காயை ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். பூ என்று சொன்னால்தான் பூ. இதுவோ நகத்தளவு வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இது அம்பிலைக் குடும்பம். சஜிட்டேரியா. சின்ன வயதில் தண்ணீருக்குள் நாடா வேஷம் போடும். தலை வெளியே வந்தால் சுயரூபம்.

அலமாரியைத் திறந்து, அன்றைக்கு ஏற்றிய இலையை எடுத்து உருப்பெருக்கியின் அடியில் வைத்தாள். நாடாப்புல்லாக இருந்தால் நுனி ஓரத்தில் நுண்ணிய பற்கள் இருக்கும். இலையை வலமும் இடமுமாக நகர்த்திப் பார்த்தாள். ஓரம் மழமழவென்று இருந்தது. தொட்டியில் வேறு செடி கலந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

தாமரை சாரைக் கூப்பிட்டாள். அவர் பூவைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"இது கிழக்குக் கிளையில இருக்கா?"

"ஒரு செடிகூடக் கிடையாது. முழுக்க நடந்து பாத்தவ நான்தான் சார். மேற்குக் கிளையில மட்டும். அதுவும் கலர் மீன் பண்ணைக்குப் பின்னால. அவங்க தொட்டியில இருந்து வீசற களைதான் அங்க பிடிச்சிருக்கு."

"மிதந்து வந்து கையில மாட்டியிருக்கலாமே?"

"வேரோட இருந்துது சார். சேத்தோட. அடியில இருந்து பிடுங்கியிருக்கான்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். கிழக்குக் கிளையில் விழுந்தவன் மேற்குக் கிளையின் அடிச்சேற்றைப் பிடிக்க முடியாது. செடியும் சரி, பிணமும் சரி, ஓட்டத்தை எதிர்த்து ஏறாது.

"பழைய சீட்டைக் கிழிக்காதே" என்றார் கடைசியில். "பக்கத்துல புதுசை ஒட்டு." அது அந்த இடத்தின் வழக்கம். தப்பாக வைத்த பெயரும் வைத்தவர் பெயரும் அங்கேயே இருக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் தம்பி மனைவி லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாசி மேடம் சுற்றி வளைக்கவில்லை. "அது அவன் இல்லம்மா. நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள்.

இயந்திரம் நின்றது.

"தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"நீங்க கையைப் பாத்தீங்க. நான் காலைப் பாத்தேன். அவருக்குக் கட்டைவிரல் நகம் பாதிதான் இருக்கும், லிஃப்ட் கதவுல நசுங்கினது. அந்த உடம்புக்கு முழுசா இருந்துது."

"அப்புறம் ஏன்டி தலையை ஆட்டினே?"

"முந்தின நாள் ராத்திரி பையில துணி எடுத்து வச்சார். எங்கேன்னு கேட்டேன். சும்மா பாத்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் நிக்கும், தெரியுமில்ல? நீங்க புல்லுக்கு அனுப்பினது அவருக்கு வசதியாப் போச்சு." அவள் லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "செத்தவர் பொண்டாட்டின்னா நாலு பேர் வருவாங்க, சோறு போடுவாங்க. ஓடிப்போனவர் பொண்டாட்டின்னா நாலு பேரு சிரிப்பாங்க. நீங்க செத்தவர்னு சொன்னீங்க. நான் ஆமான்னேன்."

"அப்ப உயிரோட இருக்கான்."

"இருப்பார். சந்தோஷமா உங்களுக்கு?"

பாசி மேடத்தின் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது உண்மை. இறங்கிய இடம் காலியாகவும் இல்லை. ஒரு போன்கூடப் பண்ணாமல் எங்கோ ஒருவன் லிஃப்ட் ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறான்.

"கல்யாணம் நின்னுடுமா?" என்று தம்பி மனைவி கேட்டாள். குரல் கெஞ்சவில்லை. ஆனால் லென்ஸைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

"அது உன் பாடு. அவர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டு, சட்டப்படி என்ன பண்ணணுமோ பண்ணு. நான் குறுக்க வர மாட்டேன். ஆனா எரிச்சோமே, அது யாரு?"

"அதை நான் கேட்டுக்கவே இல்லை அண்ணி. கேட்டிருந்தா தூங்கியிருக்க முடியாது."

அவள் அறைக்குத் திரும்பினாள். தொட்டியின் முன்னால் உட்கார முடியவில்லை. இத்தனை மாதம் குடும்பத்துச் சண்டை, தூக்கம் வராத கதை, அம்மாவின் கடைசி நாள்கள் என்று எல்லாவற்றையும் யாருக்கோ சொல்லியிருக்கிறாள். அந்த யாரோ ஒருவன் தன் கதையைச் சொல்ல வழியில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். இலைகள் இன்றும் அவள் பக்கம்தான் சாய்ந்திருந்தன. தம்பி என்று நினைத்தபோது பயமாக இருந்ததில்லை. இப்போது முதுகைக் காட்டப் பயந்து, பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் போனாள். அவர் ஃபைலை எடுக்கக்கூட இல்லை. "ஒரு பூவை வச்சுக்கிட்டுச் செத்தவரை எழுப்பச் சொல்றீங்களா மேடம்? மேற்குப் பக்கம் காணோம்னு யாரும் புகார் குடுக்கலையே" என்றார்.

அவளே போனாள்.

மீன் பண்ணை ஒரு நீளக் கொட்டகை. உள்ளே வரிசை வரிசையாகத் தொட்டிகள், காற்று மோட்டாரின் இரைச்சல், காற்றடைத்துக் கட்டிய பிளாஸ்டிக் பைகளுக்குள் விரலளவு மீன்கள். பின்வாசல் வழியாகக் கிளை தெரிந்தது. கரையோரம் முழுக்க வெள்ளைப் பூ. ஒரு இடத்தில் மட்டும் கரை சரிந்து, சேறு வழுவழுப்பாக இறங்கியது. பூக்கள் அந்த இடத்தையும் பாதி மூடியிருந்தன.

வலையோடு ஒரு அம்மா தொட்டியில் குனிந்திருந்தார். பாசி மேடம் கிட்டே போய்க் கேட்டாள். "இங்க வேலை பாத்தவங்க யாராவது போன மழைக்காலத்துல காணாம போனாங்களாம்மா?"

அந்த அம்மா சட்டென்று நிமிர்ந்தார்.

"காணாமல்லாம் போகலை. கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கான். என் பையன்தான். மீன் வியாபாரம் எனக்கு வேண்டாம்னான், போடான்னேன், போயிட்டான். வாய்தான் நீளம், மனசு தங்கம்." வலையைப் போட்டுவிட்டு ஈரக் கையைப் புடவையில் துடைத்தார். முகம் மலர்ந்தது. "நீங்க அவனைப் பாத்தீங்களா? எங்க இருக்கான்? அவனா உங்களை அனுப்பினான்?"

இந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடிக் கடையிலிருந்து வெளியே வந்தபோது அவளுக்கும் இதே முகம்தான் இருந்திருக்கும். அவள் தம்பி உயிரோடு இருக்க வேண்டுமென்றால் இந்த வீட்டுப் பையன் செத்திருக்க வேண்டும். பேசாமல் திரும்பிப் போய்விடலாம். செடி விற்பீர்களா என்று கேட்டு ஒரு கொத்து வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

"இல்லம்மா" என்றாள். "நான் சொல்ல வந்தது வேற."

"என்னது? இந்த இரைச்சல்ல எனக்குக் காதே கேக்கறதில்லை. இருங்க."

அந்த அம்மா சுவரோரம் போய் மோட்டாரை அணைத்தார். கொட்டகை சட்டென்று அடங்கியது. தொட்டிகளில் குமிழிகள் நின்றன. மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்தன.

"இப்ப சொல்லுங்க" என்றார்.