வெயிலில் காணாமல் போன பட்டன்

அக்கா ஒரு கடிதம் டைப் செய்து தரச் சொன்னபோது, சின்னவள் அதை லீவு லெட்டர் என்றுதான் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்ட தட்டுகள்கூட இன்னும் மேஜையை விட்டுப் போகவில்லை. லேப்டாப்பைத் திறந்து, "சொல்லுக்கா" என்றாள்.

"டிப்போ மேனேஜர் அவர்களுக்குன்னு போடு. கண் பார்வை குறைஞ்சுட்டதால என்னை வண்டி ஓட்டுறதுலேருந்து எடுத்துட்டு, ஸ்டோர் ரூம்ல போடணும்னு கேட்டுக்கறேன்."

சின்னவளின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

அக்கா பதினாறு வருடமாக பஸ் ஓட்டுகிறாள். ஏனோதானோ டிரைவர் இல்லை. மார்க்கெட் தெரு முனையில் இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல் இடம் வைத்து அவ்வளவு நீள வண்டியைத் திருப்புவாள், பார்க்கிறவர்கள்தான் கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்துத்தான் தங்கையைப் படிக்க வைத்தாள். பஸ்ஸை விட்டால் அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. அவளைக் கொண்டுபோய் ஸ்டோர் ரூமில் டயர் எண்ண வைப்பதாம்.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"அடுத்த வாரம் லைசென்ஸுக்குக் கண் டெஸ்ட். அவங்க ஓட்டக் கூடாதுன்னு சொல்லி அனுப்புறதுக்கு முன்னாடி நானே விலகிட்டா கௌரவமா இருக்கும்."

"கண்ணு சரியில்லன்னு உனக்கு யாரு சொன்னா?"

அக்கா சேலைத் தலைப்பில் இல்லாத அழுக்கைத் தேய்த்தாள். "யாரு சொல்லணும். ரெண்டு வாரமா ஸ்டாண்டுல வண்டிய நிறுத்திட்டு போன்ல வர்ற டிரிப் ஷீட் மெசேஜைப் பாத்தா ஒண்ணும் தெரியல. கண்டக்டரைப் படிக்கச் சொல்றேன். புள்ளையோட ஸ்கூல்லேருந்து போன் வந்தா, எடுக்குற பட்டன் எங்க இருக்குன்னே தெரியாம தடவுறேன். மூணு தடவை கட்டாயிடுச்சு. வீட்டுக்குள்ள வந்தா நல்லாத் தெரியுது. வெயில்லதான் அவுட்."

இரண்டு வாரம் என்றதும் சின்னவளுக்கு எங்கேயோ சுருக்கென்றது. அந்த போனை அக்காவுக்குக் கொடுத்ததே அவள்தான்.

சின்னவளுக்கு ஒரு போன் கம்பெனியில் வேலை. திரையில் எது எங்கே இருக்க வேண்டும், எப்படி மின்ன வேண்டும் என்று வரைகிற வேலை. ஒன்பது மாதமாக அவள் ராப்பகலாய்க் கட்டிக்கொண்டு அழுதது ஒரு பனிக்கண்ணாடித் தோற்றத்தை. பட்டனெல்லாம் பின்னால் இருக்கும் படம் லேசாகத் தெரியும்படி மிதக்கும். போன் வந்தால் எடுக்கிற பட்டன் தண்ணீருக்குள்ளிருந்து மெதுவாக மேலே வரும். சும்மா சொல்லக் கூடாது, அழகென்றால் அப்படி ஓர் அழகு. வெளியே விற்பனைக்கு வருமுன் சோதித்துப் பார்க்க ஆளுக்கு ஒரு போன் கொடுத்தார்கள். அவள் தன்னுடையதைப் பெருமை தாங்காமல் அக்காவுக்குக் கொடுத்துவிட்டாள்.

அவர்கள் வேலை செய்கிற அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. திரையில் வெளிச்சம் விழுந்தால் நிறம் சரியாகத் தெரியாது என்று ஜன்னல் திரைச்சீலையை மூடியே வைத்திருப்பார்கள். மூன்று வருடமாக யாரும் அதை விலக்கியதில்லை. அந்த அரையிருட்டிலேயே வரைந்து, அந்த அரையிருட்டிலேயே பார்த்து, அங்கேயே ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்தும் கொண்டார்கள். போனை வெயிலில் பார்க்க வேண்டும் என்று அத்தனை புத்திசாலிகளில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

"எழுந்திரு. மாடிக்கு வா" என்றாள் சின்னவள்.

மொட்டை மாடியில் வெயில் பட்டையைக் கிளப்பியது. அவள் தன் இன்னொரு போனிலிருந்து அக்காவின் போனுக்கு அடித்தாள். மணி அடித்தது. திரை வெள்ளையாக, வெறுமையாக இருந்தது. பட்டன் எங்கோ மிதந்துகொண்டிருக்க வேண்டும். இருபத்தேழு வயதுக் கண்ணுக்கு, அதை வரைந்தவளின் கண்ணுக்கே, அது தட்டுப்படவில்லை.

"அக்கா, உன் கண்ணுல ஒரு குறையும் இல்ல. நான் பண்ணினதுலதான் குறை."

"போதும்டி. என்னைத் தேத்துறதுக்காகப் பொய் சொல்லாத."

சின்னவள் தடதடவென்று கீழே ஓடி, மேஜை டிராயரில் கிடந்த அக்காவின் பழைய போனை எடுத்து வந்தாள். கீறல் விழுந்த, பார்க்கவே பரிதாபமான போன். ஒரு பழைய மெசேஜைத் திறந்து நீட்டினாள். அக்கா ஒரு கை தூரத்தில் வைத்துக்கொண்டு கடகடவென்று படித்தாள். அடியில் பொடி எழுத்தில் இருந்த நேரத்தையும் தேதியையும்கூட விடவில்லை. படித்து முடித்ததும் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப ரெண்டு வாரமா நான் தூங்காமக் கிடந்தது?"

"என்னாலதான்."

"அந்த போன்ல கோளாறு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லடி. நீ செஞ்சதாச்சே."

முதுகில் பளாரென்று ஒன்று வைத்திருந்தால்கூட சின்னவள் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. அக்காவின் தோளில் சாய்ந்து அழுதாள். அக்கா "அட, விடுடி. கண்ணு போகலைல்ல" என்று சிரித்தாள்.

மறுநாள் ஆபீசில் அந்தத் தோற்றத்துக்கு ஒப்புதல் கொடுக்கும் மீட்டிங். ஒப்புதல் கிடைத்தால் சின்னவளுக்கு டீம் லீடர் பதவி. அது எல்லாருக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும். அவளுக்கும் ஒரு நிமிடம் சபலம் தட்டாமல் இல்லை. அப்புறம் எழுந்து போய்த் திரைச்சீலையைச் சரேலென்று இழுத்தாள். மூன்று வருடத் தூசி எல்லார் தலையிலும் விழுந்தது.

"என்னம்மா பண்றே?" என்றார் மேனேஜர், தும்மிக்கொண்டே.

"அஞ்சு நிமிஷம் கீழ பார்க்கிங்குக்கு வாங்க சார். உங்க டெஸ்ட் போனையும் எடுத்துக்குங்க."

உச்சி வெயிலில் நிற்க வைத்து, அவருக்கு அடித்தாள். அவர் விரல் திரையில் அங்கும் இங்கும் அலைந்தது. கட்டானது. மறுபடி அடித்தாள். மறுபடி கட்டானது. மூன்றாவது தடவை மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தார்.

"பவர் ஏறிடுச்சு போலிருக்கு" என்று முணுமுணுத்தார்.

"இல்ல சார். எங்க அக்காவும் தன் கண்ணைத்தான் திட்டிக்கிட்டா" என்று சொல்லி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அக்கா கடிதத்தில் போடச் சொன்ன வரியையும் சொன்னாள்.

மேனேஜர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். ஒன்பது மாத உழைப்பு, விளம்பரம், தேதி எல்லாம் அவர் முகத்தில் ஓடின. கடைசியில், "மூணு வாரம் தள்ளிப் போடறேன். எடுக்கற பட்டன், எழுத்து, இதுல எதுவும் மிதக்கக் கூடாது. உன் கண்ணாடி வேலையெல்லாம் பின்னாடி படத்தோட நிக்கட்டும்" என்றார். கொஞ்சம் தயங்கி, "லீடர் விஷயத்தை அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றும் சேர்த்தார்.

அது வலிக்கத்தான் செய்தது. ஆனால் அன்று சாயங்காலம் அடர்பச்சையில், அசையாமல், குத்துக்கல் மாதிரி ஒரு பட்டனை வரைந்தபோது, கை என்னவோ லேசாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் வியாழக்கிழமைதோறும் மதியம் டீம் முழுக்க போனோடு பார்க்கிங்கில் நின்று வெயில் காய்கிறார்கள். வாட்ச்மேன் பார்த்துச் சிரிக்கிறார்.

அக்கா கண் டெஸ்டில் அட்டையின் கடைசி வரி வரைக்கும் படித்து, அதற்குக் கீழே அச்சடித்தவர் பெயரையும் வாசித்துவிட்டுத்தான் எழுந்தாளாம்.

மூன்றாவது வாரம், புதிய பட்டனை அக்கா போனில் ஏற்றிய மறுநாள், சரியாகப் பன்னிரண்டரைக்குச் சின்னவள் அடித்தாள். அக்கா ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தியிருக்கும் நேரம். வெயில் கொளுத்தும் நேரம்.

ஒரே மணி. அது முழுசாக அடிப்பதற்குள், "சொல்லுடி" என்றது அக்காவின் குரல்.

சின்னவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"என்னடி, கூப்பிட்டுட்டுப் பேசாம இருக்கே. அஞ்சு நிமிஷத்துல நான் வண்டிய எடுக்கணும்."

"ஒண்ணுமில்லக்கா," என்றாள் சின்னவள். "நீ வண்டிய எடு."