கொட்டகை மேல் விழுந்த ராஜாவின் மரம்

எங்கள் மாட்டுக் கொட்டகையை நொறுக்கிய பைன் மரம் எங்களுடையது அல்ல. நிலம் எங்களுடையது. நானும் என் கணவர் ஈனோக்கும் கல் பொறுக்கி, வேர் பிடுங்கிச் சீர்படுத்திய நிலம். ஆனால் ஒரு அடிக்கு மேல் பருத்த பைன் எல்லாம் இங்கிலாந்து ராஜாவின் கப்பல்களுக்குப் பாய்மரமாம். அதிகாரி ஹார்க்னெஸ் ஒரு நாள் வந்தார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோடாலியால் மூன்று வெட்டு வெட்டி அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார். எங்கள் நியூ ஹாம்ப்ஷயர் காலனியில் குறி விழுந்த மரத்தைத் தொட்டால் மரம் அறுக்கும் ஆலையே பறிபோகும். எங்கள் பிழைப்பே அந்த ஆலைதான்.

அக்டோபர் புயலில் அந்த மரம் சாய்ந்தது. சும்மா சாயவில்லை. கூரையைப் பிளந்து, இரண்டு பசுக்களில் ஒன்றைக் கொன்றுவிட்டுத்தான் ஓய்ந்தது. மிச்சப் பசுவும் குளிர்காலத்துக்குச் சேர்த்த காய்ந்த புல்லும் வெட்டவெளியில் கிடந்தன. பனி கொட்டுவதற்குள் கூரை போடாவிட்டால் அதுவும் போச்சு.

ஈனோக் நல்ல மனிதர், அதாவது பயந்தவர். முறைப்படி கேட்போம் என்று என்னை ஹார்க்னெஸிடம் கூட்டிப் போனார். பேசியது நான்தான்.

"ஐயா, ராஜாவோட மரம் எங்க கொட்டகை மேல விழுந்துருச்சு. அத அறுத்துக் கூரை போட்டுக்கறோம்."

"தொடக் கூடாது. லண்டனுக்கு எழுதிப் போடறேன். வசந்த காலத்துல பதில் வரும்."

"செத்துப்போன பசுவுக்கு?"

"காத்து அடிச்சதுக்கு ராஜா என்னம்மா பண்ணுவாரு?"

"அப்ப நின்னா ராஜாவோடது, விழுந்தா காத்தோடதா?"

அவர் வாசலைக் காட்டி எங்களைப் போகச் சொன்னார். பத்திரிகைத் தாளுக்கு வரி போட்டார்கள், முணுமுணுத்தோம். தேயிலைக்கு வரி போட்டார்கள், குடிப்பதை விட்டோம். வரி போடுகிற லண்டன் சபையில் எங்கள் ஆள் ஒருத்தர்கூட இல்லை என்று ஆண்கள் கத்தும்போது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இப்போது செத்தது என் பசு.

வீட்டுக்கு வந்ததும் ஈனோக் குரலைத் தாழ்த்தினார். "ராத்திரியோட ராத்திரியா குறுகலா அறுத்துடலாம். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?"

உண்மைதான். ஊரைச் சுற்றி அத்தனை பெரிய மரங்கள். ஆனால் எந்த வீட்டுத் தரையிலும் ஒரு அடி அகலப் பலகை கிடையாது; இருந்தால் ராஜாவின் மரம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

"நம்ம என்ன திருடங்களா? பகல்லயே அறுங்க. அகலமா அறுங்க."

"ஆலை போயிடும், கெசையா."

"போக விடமாட்டேன்னுதான் சொல்றேன்."

அவர் போய், தண்ணீரில் ஓடும் ஆலையின் மதகைத் திறந்தார். ரம்பச் சத்தம் கேட்டு, கூப்பிடாமலே அக்கம்பக்கத்தார் வந்து கூரை வேய்ந்தார்கள். "ஒரு பலகையில என் குடும்பமே படுத்துத் தூங்கலாம் போலிருக்கே" என்றார் பக்கத்து வீட்டு ஒபதியா. அம்புக்குறி இருந்த பலகையை, சாலையைப் பார்த்த கதவில் அடிக்கச் சொன்னேன்.

முதல் பனி தூவிய அன்று ஹார்க்னெஸ் வந்தார். கதவைப் பார்த்ததும் முகம் சிவந்து, கூடி நின்ற ஊராரை ஏவினார். "பிடுங்குங்கடா எல்லாத்தையும்."

"சுத்தியல் தொலைஞ்சு போச்சுங்க" என்றார் ஒபதியா. அன்றைக்கு ஊரில் எல்லோருக்கும் சுத்தியல் தொலைந்திருந்தது.

ஹார்க்னெஸ் கத்தி ஓய்வதற்குள் பனி கனத்துவிட்டது. எல்லோரும் வீடு திரும்பினார்கள். சாலை மறைந்துபோனது. சத்திரமோ மலைக்கு அந்தப் பக்கம். அவருடைய குதிரை நடுங்கியது. அதை இழுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். நான் கதவை மறித்து நின்றேன்.

"கேளுங்க."

"என்ன கேக்கணும்?"

"யாரோட கொட்டகைன்னு தெரிஞ்சா என்ன கேக்கணும்னு தெரியும்."

ஈனோக் வந்து என் பக்கத்தில் நின்றார். ஹார்க்னெஸ் அம்புக்குறியைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார்.

"உங்க கொட்டகையில... குதிரையக் கட்டிக்கலாமா அம்மா?"

ராஜாவின் ஆள் ஒருவர் எங்களிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. கதவைத் திறந்தேன். அவருக்குச் சூடாக மொச்சைக் கூழும் கொடுத்தேன். பசித்தவரைப் பட்டினி போடுகிறவள் இல்லை நான்.

காலையில் பனி நின்றதும் குதிரை ஏறினார். "சிப்பாய்ங்களோட வருவேன். இந்த ஆலையும் இருக்காது, கொட்டகையும் இருக்காது."

நான் வாயைத் திறப்பதற்குள் ஈனோக் முந்திக்கொண்டார்.

"வாங்க. அப்பவும் கேட்டுட்டுத்தான் உள்ள வரணும்."